முகாமில் தமிழ் கதைத்த ஜெனரலுக்கு

அன்புக்கும் கோபத்துக்கும் உரிய என் அண்ணைக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமாகிவிட்டது. போன கிழமை திவசம் முடிந்தது. லண்டனில், மிச்சம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டின் முன்னறையில் படையல் வைத்தோம். உங்களுக்கு ஆகாது என்று டொக்டர் சொன்ன நினைப்பில் கறிகளுக்கு உறைப்பைக் குறைத்துவிட்டேன். "இனி ஆருக்காக உறைப்பைக் குறைக்கிறீர்?" என்று இவர், என் கணவர், கேட்டார். 

உங்களைப் பற்றி எழுதித் தரும்படி இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். ஒருவர் கொழும்பில் உங்களோடு வேலை செய்த அதிகாரி. கடைசிவரை அரசாங்கத்துக்கு விசுவாசமாக இருந்த தமிழ் ஜெனரல் என்று எழுத வேண்டுமாம். லண்டனில் நடந்த விசாரணையைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாதாம். மற்றவர் இங்கே தமிழ்ப் பத்திரிகை நடத்துகிறவர். அவருக்கு அந்த விசாரணை மட்டும்தான் வேண்டும். மனம் திருந்திய ஜெனரல் என்று தலைப்புக்கூட வைத்துவிட்டார். இரண்டு பேருக்கும் ஏலாது என்று சொல்லிவிட்டேன்.

அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும். உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களுக்குச் சொல்ல வேண்டி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வாசிக்கிறவர்களுக்கு அது தெரியாது.

நீங்கள் படையில் சேர்ந்தபோது நான் பாவாடை சட்டை போட்ட சிறுமி. நாட்டின் பெயர் அப்போது சிலோன். தமிழ்ப் பெடியன்கள் படைக்குப் போவது புதினமான விஷயமாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில், எங்கள் அளவெட்டி வீட்டில் ஐயா, எங்கள் தகப்பன், உங்கள் சீருடைப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டினார். எழுபத்தொன்றில் தெற்கில் சிங்கள இளைஞர்கள் கிளர்ந்தபோது, அடக்கப் போன அதிகாரிகளில் நீங்களும் ஒருவர். அப்போது ஊரில் யாரும் உங்களைத் துரோகி என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். அந்தப் பெடியன்களுக்கும் தாய்மார் இருந்திருப்பார்கள் என்று எங்களில் யார் நினைத்தோம்?

பிறகு நான் கலியாணம் கட்டி லண்டனுக்கு வந்துவிட்டேன். இவருக்குத் தபால் நிலையத்தில் வேலை கிடைத்தது. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது உங்களுக்கு டெலிபோன் எடுத்து எடுத்து என் விரல் நொந்துபோனது. ஒருவழியாகக் கிடைத்தபோது நீங்கள் அலுவலகத்தில் இருந்தீர்கள். வீடு எரிந்துவிட்டது, அண்ணியை உங்கள் சார்ஜன்ட் ஒருவரின் சிங்களக் குடும்பம் ஒளித்து வைத்திருக்கிறது என்று அறிக்கை வாசிப்பதுபோலச் சொன்னீர்கள். உங்கள் சீருடைகளும் வீட்டோடு எரிந்துபோயின. வேறொருவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்திருந்தீர்கள்.

"விட்டிட்டு வாங்கோ அண்ணை. இவர் டிக்கெட் போட்டுத் தருவார்."

"எங்கை வாறது? எனக்கு நாளைக்கும் டியூட்டி இருக்கு."

"வீட்டை எரிச்சவங்களுக்கே வேலை செய்யப் போறியளோ?"

"எரிச்சது காடையர். நான் சத்தியம் செய்தது அரசாங்கத்துக்கு."

"ரெண்டும் வேறை எண்டு நம்புறியளோ?"

  அதற்கு நீங்கள் சொன்னீர்கள்: "வேறையா இருக்கவேணும் எண்டால், உள்ளுக்கை எங்கடை ஆள் ஒருத்தன் இருக்கவேணும், பிள்ளை."

அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு மிச்ச வருடங்களையும் ஓட்டினீர்கள் என்று நினைக்கிறேன். போர் தொடங்கிய பிறகும் படை மேலதிகாரிகள் உங்களை வடக்குக்கு அனுப்பவில்லை. களஞ்சியம், போக்குவரத்து, பயிற்சி என்று மேசை வேலைகளாகக் கொடுத்தார்கள். அவர்கள் உங்களை நம்பவில்லையா, அல்லது காப்பாற்றினார்களா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் உங்களைத் தாண்டிப் போனார்கள். வெளிநாட்டுக்காரர் வருகிற நாட்களில் மட்டும் உங்களை முன்வரிசையில் இருத்தினார்கள். எதற்காக என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இருந்தீர்கள். கடைசியில், ஓய்வுக்குக் கொஞ்சம் முன்னால், மேஜர் ஜெனரல் ஆக்கினார்கள்.

அந்த வருடங்களில் அளவெட்டி வீட்டின் கூரை பீரங்கிச் செல் விழுந்து போனது. உங்கள் படம் மாட்டியிருந்த சுவரும் போனது. அது உங்கள் படை அடித்த செல். நல்லவேளை, ஐயா அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு அண்ணி காலமானா. பிள்ளைகள் இல்லை. நெஞ்சு வைத்தியத்துக்கென்று எங்களிடம் வந்து, பிறகு இங்கேயே தங்கிவிட்டீர்கள். மிச்சம் என்ற பெயர்ப்பலகையை பஸ்ஸுக்குள் இருந்து பார்த்துவிட்டு, "மிச்சமோ? சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறன். மிஞ்சினவன் வாற இடம்" என்றீர்கள். நீங்கள் பகிடி விட்டதை நான் அதிகம் கேட்டதில்லை.

இவருக்கு உங்கள் வருகை பெரிய இடைஞ்சல் என்பதை மறைப்பானேன்? கோயில் மண்டபத்தில் போராட்டத்துக்கு ஆதரவாக நடக்கும் கூட்டங்களில் இவர்தான் முன்னுக்கு நிற்பவர். நீங்கள் வந்த பிறகு இவருடைய கூட்டாளிமார் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். "உம்மட அண்ணை இருக்கிற வீட்டிலை வந்து தேத்தண்ணி குடிக்க ஏலாதாம்" என்று ஒருநாள் சொன்னார். பக்கத்து ஊரான தோர்ண்டன் ஹீத்தில் தமிழ்க் கடையில் வெங்காயம் பொறுக்கி எடுத்துக்கொண்டு நின்ற உங்களுக்குப் பின்னால் ஒருவர் "துரோகி" என்றார். கேட்கட்டும் என்றுதான் சொன்னார். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. வெங்காயத்தை நிறுத்து வாங்கிக்கொண்டு, கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தீர்கள். வரும் வழியில் நான் அழுதேன். "ஏன் அழுறாய்? அவன் ஒரு வீட்டையோ ஒரு பிள்ளையையோ இழந்திருப்பான்" என்றீர்கள்.

என் வேலை என்னவென்றும் வாசிக்கிறவர்களுக்குச் சொல்லவேண்டும். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட எங்கள் பெடியன்கள் மேன்முறையீடு செய்யும் விசாரணைகளில் அவர்களுடைய தமிழை ஆங்கிலமாக்குவது. அவர்கள் "என்னைத் தலைகீழாகக் கட்டினாங்கள்" என்றால், நானும் "என்னைத் தலைகீழாகக் கட்டினார்கள்" என்றுதான் சொல்லவேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, அழக்கூடாது. பகல் முழுக்க இராணுவம் எனக்குச் செய்ததைச் சொல்லிவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்து இராணுவத்தின் ஜெனரலுக்குச் சோறு போட்டேன். நான் எதையும் கேட்கவில்லை. நீங்களும் எதையும் சொல்லவில்லை. நீங்கள் உங்கள் சேர்ட்டுகளை நீங்களே அயன் பண்ணி, அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு விசாரணைக்குச் சுதன் வந்தான்.

மெலிந்த பெடியன், இருபத்தைந்து வயது இருக்கும். கொழும்புக்கு வெளியே ஒரு முகாமில் தன்னைப் பல மாதங்கள் அடைத்து வைத்திருந்ததாகச் சொன்னான். அவனிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. நீ அங்கே இருக்கவே இல்லை, முதுகுத் தழும்புகள் எப்படியும் வந்திருக்கலாம் என்பது பிரித்தானிய அரசாங்கத் தரப்பின் வாதம். அந்த முகாமில் உன்னைப் பார்த்த ஒருவரையாவது சொல்ல முடியுமா என்று அவர்களுடைய லோயர் கேட்டார்.

"ஒரு பெரிய ஒபிசர் வந்தவர்," என்றான் சுதன். "களஞ்சியமும் சமைக்கிற குசினியும் பாக்க வந்தவர். என்னோடை தமிழிலை கதைச்சவர். எந்த ஊர் எண்டு கேட்டவர். நான் தெல்லிப்பழை எண்டன். தான் அளவெட்டி எண்டார். இடக்கையாலை எழுதிறவர்."

இதை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். பிறகு விசாரணை அதிகாரியிடம், இங்கே சொல்லப்படுகிறவர் என் நெருங்கிய உறவினர் என்று நினைக்கிறேன், நான் இந்த வேலையைத் தொடர்வது சரியல்ல என்று சொன்னேன். சுதனுக்கும் அதைத் தமிழில் சொன்னேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் அடுத்ததாக ஏதோ சொல்ல வாயெடுத்திருந்தான்; அதை நான் கேட்கவில்லை. வேறு மொழிபெயர்ப்பாளருக்காக விசாரணையைத் தள்ளி வைத்தார்கள்.

வெளியே சுதனின் லோயர் என்னைப் பிடித்துக்கொண்டார். வெள்ளைக்காரப் பெண், களைத்த முகம். அந்த உறவினர் உயிரோடு இருக்கிறாரா, சாட்சி சொல்ல வருவாரா என்று கேட்டார். அதை அவர்தான் சொல்லவேண்டும் என்றேன். தன் டெலிபோன் இலக்கத்தைக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் நீங்கள் அயன் மேசைக்கு முன்னால் நின்றீர்கள். நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"அண்ணை, கொழும்புக்கு வெளியிலை பெடியன்களை அடைச்சு வைச்ச முகாமுக்குப் போனனீங்களோ?"

"ஓம்."

"தெல்லிப்பழைப் பெடியன் ஒருத்தனோடை கதைச்சனீங்களோ?"

அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தீர்கள். "மெல்லிசுப் பெடியன். ஒரு கண் வீங்கி மூடி இருந்தது. ஏன், செத்துப்போனானோ?"

"இல்லை. இங்கை இருக்கிறான். நீங்கள் அவனைப் பாத்தனீங்கள் எண்டு சொன்னால் விடுவாங்கள். இல்லையெண்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

இவர் சோபாவில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பி வந்து, "போங்கோ மச்சான். போய் எல்லாத்தையும் சொல்லுங்கோ. பத்திரிகைக்காரரையும் கூப்பிடுவம். இவ்வளவு காலமும் அவங்கள் செய்ததை ஒரு ஜெனரலே சொன்னால்..." என்று தொடங்கினார். 

"நான் அரசாங்கத்துக்கு எதிராக் கதைக்க மாட்டன்," என்றீர்கள்.

 அதற்குப் பிறகு சில நாட்கள் நீங்கள் மிச்சம் பொதுவெளி என்ற புல்வெளிக்குக் காலையில் நடக்கப் போனால் மத்தியானம்வரை வரவில்லை. நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் நீங்கள் போயிருக்க மாட்டீர்கள் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஒரு ஞாயிறு காலை நீங்கள் கொழும்புக்கு டெலிபோன் எடுத்தீர்கள். முன்னொரு காலத்தில் உங்களுக்குக் கீழே இருந்து, இப்போது மேலிடத்தில் இருப்பவரிடம் சிங்களத்தில் கதைத்தீர்கள். அனுமதி கேட்கவில்லை, அறிவித்தீர்கள். இந்தப் பெடியனை நான் பார்த்தேன் என்று இங்கே சாட்சி சொல்லப் போகிறேன், வேறு ஆள் சொல்லி உங்களுக்குத் தெரியவரக்கூடாது என்று. மறுமுனையில் அவர் நீண்ட நேரம் கதைத்தார். நீங்கள் "சரி" என்று வைத்தீர்கள்.

"என்னவாம்?" என்றேன்.

"போனால் பிறகு அங்கை வரவேண்டாமாம்."

"அப்ப?"

"அவன் பொய் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு வீட்டிலை இருக்க ஏலாது. அவ்வளவுதான்." பிறகு இவரைப் பார்த்து, "பத்திரிகைக்காரர் ஒருத்தரும் வரக்கூடாது" என்றீர்கள்.

விசாரணை நாளில் கடும்நீல பிளேசர் போட்டீர்கள். படைப்பிரிவின் கழுத்துப்பட்டியையும் கட்டினீர்கள். அதைக் கட்டாமல் போகலாமே என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். நான் பின்வரிசை வாங்கிலில், பார்வையாளர்களோடு இருந்தேன்; உங்கள் மச்சான் எனக்கு முன்வரிசையில் இருந்தார். என் இடத்தில் வேறொரு பெண் இருந்தாள். உங்களுக்கு அவள் தேவைப்படவில்லை. நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னீர்கள்.

அந்த முகாமுக்குப் போனேன், சுதனைப் பார்த்தேன், அடிகாயங்கள் இருந்தன என்றீர்கள். அடித்தவர்கள் யார் என்று கேட்டார்கள். அவர்கள் அடித்ததை நான் பார்க்கவில்லை, பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்றீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அரசாங்கத் தரப்பு லோயர் கேட்டார். முகாம் பொறுப்பாளரிடம் வாயால் சொன்னேன், பார்த்துக்கொள்கிறேன் என்றார், நான் திரும்பிவிட்டேன் என்றீர்கள்.

பிறகு விசாரித்தீர்களா?

"இல்லை."

ஏன்?

 "விசாரித்திருந்தால் பதில் வந்திருக்கும்," என்றீர்கள்.

 அந்த லோயர் வேறு பக்கமாக வந்தார். அப்படியென்றால் நீங்கள் இப்போது உங்கள் அரசாங்கத்துக்கு எதிரானவரா, அதனால்தான் இப்படிச் சொல்கிறீர்களா? இல்லை என்றீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் அதற்கு வேலை செய்தேன், அது என்னுடைய அரசாங்கம், அந்த முகாமும் என்னுடைய அரசாங்கத்தின் முகாம்தான், அதனால்தான் நான் அங்கே போக முடிந்தது, சுதனைக் காண முடிந்தது என்றீர்கள். எனக்கு முன்னால் இருந்த உங்கள் மச்சானின் பிடரி அசையாமல் இருந்ததைப் பார்த்தேன். அந்தப் பதில் இவருக்கும் பிடித்திருக்காது, கொழும்புக்கும் பிடித்திருக்காது.

அறைக்கு வெளியே நடையில் சுதன் உங்களிடம் வந்தான். நன்றி சொல்லத்தான் வருகிறான் என்று நான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்; கையை நீட்டினீர்கள்.

"சேர், அண்டைக்கு நீங்கள் தமிழிலை கதைச்ச உடனை, என்னை விடப்போறாங்கள் எண்டு நினைச்சன்."

"ஓம் தம்பி."

"நீங்கள் போனாப் பிறகு முந்தியைவிடக் கூட அடிச்சாங்கள். பெரியவரோடை தமிழிலை என்ன கதைச்சனீ, என்ன சொல்லிக் குடுத்தனீ எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சாங்கள். அதுக்கு முதல் அப்பிடி அடிச்சதில்லை."

நீட்டிய கை அப்படியே இருந்தது. "எனக்குத் தெரியாது," என்றீர்கள். பிறகு, மிக மெதுவாக, "தெரிஞ்சிருக்கவேணும்" என்றீர்கள்.

அவன் உங்கள் கையைப் பிடிக்கவில்லை. தட்டிவிடவும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு லோயரிடம் போனான். பஸ்ஸில் வரும்போது நீங்கள் யன்னல் பக்கம் திரும்பி இருந்தீர்கள். உள்ளுக்குள் ஒருத்தன் இருக்கவேண்டும் என்று அன்று டெலிபோனில் சொன்னீர்களே, அது அப்போது உங்கள் நினைவுக்கு வந்ததா?  இனிக் கேட்டும் என்ன?

சுதனுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. அதன் பிறகு கொழும்பிலிருந்து உங்களுக்கு வரும் புதுவருட வாழ்த்துகள் நின்றன. லண்டனில் பழைய அதிகாரிகள் கூடும் விருந்துக்கும் அழைப்பு வரவில்லை. இவருடைய கூட்டாளிமார் உங்களை மேடையில் ஏற்ற வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். அவர்களுக்கு நீங்கள் மறுபடியும் துரோகி ஆனீர்கள். இரண்டு பக்கத்துக்கும் ஆகாத மனுசனாய், கடைசி வருடங்களில் பொதுவெளியில் தனியாக நடந்தீர்கள். சில காலைகளில் இவர் உங்களோடு நடக்க வந்தார் என்பதை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். என்ன கதைத்தீர்கள் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை.

உங்கள் செத்தவீட்டுக்கு அதிகம் பேர் வரவில்லை. கொடி வரவில்லை, சீருடை வரவில்லை. கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லாததால், தகனசாலையில் பொத்தானை இவர்தான் அழுத்தினார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, உங்கள் அறை வாசலில் கன நேரம் நின்றார்.

சுதன் வரவில்லை. சில நாள் கழித்து டெலிபோன் எடுத்தான். தோர்ண்டன் ஹீத் பக்கம் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் வேலை.

"அக்கா, வரக்கூடாது எண்டில்லை. வெளிக்கிட்டனான், வர மனம் விடேல்லை. ஆனால் அண்டைக்கு ஷிப்டுக்குப் போகேல்லை. லீவு போட்டிட்டு வீட்டை இருந்தனான்."

"அது காணும் தம்பி, போதும்," என்றேன். காணுமா அண்ணை? எனக்குத் தெரியாது. நீங்கள் இருந்திருந்தால் காணும் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

உங்கள் அஸ்தியை இன்னும் கரைக்கவில்லை. தேம்ஸில் கரைக்கலாம், இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று ஐயர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். ஐயாவையும் அம்மாவையும் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில்தான் கரைத்தோம். இப்போது அங்கே உங்கள் படை இருக்கிறது, சனம் போக ஏலாது. போரும் ஒருநாள் ஓயும், பாதையும் ஒருநாள் திறக்கும். அன்று நானே கொண்டு போவேன். வழியில் சென்ரியில், படையின் சோதனைச் சாவடியில், சனத்தை இறக்கி, பைகளைத் திறந்து, வெயிலில் நிற்க வைப்பார்களாம். உங்கள் பதவியைச் சொன்னால் ஒரு சல்யூட் அடித்து உடனே விட்டுவிடுவார்கள். நான் சொல்ல மாட்டேன். பையில் என்ன என்று கேட்டால், என் அண்ணை என்பேன். எல்லாரையும்போல வரிசையில் நின்றே போவோம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி பவளம்